பேக்கெட் பிடிக்கும் முன் ஒரு மெயில்

தம்பி, உங்கள் கேள்வியை ஏற்காட்டில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். சிக்னல் கிடைப்பது அந்த ஓர் இடத்தில்தான். நீங்கள் அம்மாபேட்டையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் போய் இரண்டு மாதம். உங்கள் கம்பெனியில் ஆர்டர் போடும் வெப் பக்கம் அவ்வப்போது மெதுவாகி இழுக்கிறது. அப்ளிகேஷனுக்குள் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் ஏபிஎம் கருவி வாங்கலாம் என்கிறார் மேனேஜர். நெட்வொர்க்கில் ஓடும் பேக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினாலே தெரிந்துவிடும் என்பது உங்கள் கட்சி. புதிதாக வந்தவன் வாயைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் திறக்கலாம். ஆனால் மேனேஜர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜாவா அப்ளிகேஷனில் ஏபிஎம்மின் ஏஜென்ட்டை, அதாவது கூடவே ஓடும் சின்ன புரோகிராமை, சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால், ஒரு ரிக்வெஸ்ட் எந்த ஃபங்ஷனில், எந்த டேட்டாபேஸ் குவெரியில் எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டிவிடும். ஒரே ஆர்டருக்காக முந்நூறு தடவை டேட்டாபேஸுக்கு நடக்கிற புரோகிராமைப் பேக்கெட்டில் தேடினால் கண் பூத்துவிடும். டிஎல்எஸ் என்கிற மறையாக்கம் இருந்தால் உள்ளே என்ன போகிறது என்பதும் தெரியாது.

ஏபிஎம் கைவிரிக்கும் இடமும் உண்டு. ஜெர்மனியில் என் முதல் வருடத்தில், ரிக்வெஸ்ட்டின் நேரத்தைப் பட்டை பட்டையாக ஏபிஎம் காட்டும் ட்ரேஸில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பட்டை எப்போதாவது நீளும். நீளும்போதெல்லாம் 1 வினாடிக்குக் கொஞ்சம் மேல். டேட்டாபேஸ்காரர் தன் பக்கம் சுத்தம் என்றார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேக்கெட் பிடித்தோம். எங்கள் பக்கம், கனெக்‌ஷன் கேட்கும் முதல் பேக்கெட்டான சின் கிளம்புகிறது, பதில் இல்லை. 1 வினாடி கழித்து அதே சின் மறுபடி, உடனே பதில். அவர் பக்கம் முதல் சின் வந்து சேரவே இல்லை. பதில் வராத முதல் சின்னை லினக்ஸ் 1 வினாடி பொறுத்துத்தான் திரும்ப அனுப்பும். நடுவில் இருந்த ஃபயர்வால் விழுங்கியிருக்கிறது. உங்கள் தாமதமும் இப்படி உருண்டையான எண்ணில் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. சேலத்தில், ஐந்து ரோடு ஆபீஸில், பேக்கெட் பிடித்துவிட்டு சாயங்காலம் தட்டுவடை செட் தின்றபடி டீம் லீட் அண்ணனிடம் சொன்னால் போதும். ஜெர்மனியிலும் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, தகவல் பாதுகாப்பு அதிகாரி முன்னால் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னேன். ஐபி முகவரியையே தனிநபர் தகவலாகப் பார்க்கிற ஊர் அது. 2018 மே முதல் ஜிடிபிஆர் என்கிற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு. ஊழியர்களைக் கண்காணிக்க வாய்ப்புள்ள கருவி என்றால் பெட்ரீப்ஸ்ராட் என்கிற ஊழியர் குழுவின் சம்மதமும் வேண்டும். ஏபிஎம்முக்கும் அந்தக் கேள்வி வரலாம்.

அதனால் முதலில் மெயில் போடுங்கள். எந்த சர்வர், எந்த போர்ட், எத்தனை நிமிடம், ஃபைலை எப்போது அழிப்பீர்கள், எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு பேக்கெட்டிலும் எவ்வளவு பிடிப்பது என்கிற ஸ்னாப்லென்னை 96 பைட் வைத்தால், முகவரி விவரம் உள்ள ஹெடர் வந்துவிடும், உள்ளடக்கம் பெரும்பாலும் வராது, அதையும் எழுதுங்கள். முழுசாகப் பிடித்தால், நிரம்பி ஓடும் 1 கிகாபிட் லைனில் மணிக்கு 450 ஜிபி. டிஸ்க் தாங்காது. ஜெர்மன் தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். இங்கத்துக் காப்பித்தூள் வேண்டுமென்றால் வியாழனுக்குள் சொல்லுங்கள்.