பின்கட்டுக்குப் போன வியாபாரம்

கேள்வி: சாத்தூரில் 11 வருடமாகக் காரச்சேவு, மிக்சர், சீரணி மிட்டாய் விற்கிறோம். எட்டு மாதம் முன்பு எதிரில் புதுக்கடை வந்தது. வாசலில் சாம்பிள் தட்டு வைத்தார்கள், கூட்டம் அங்கே போனது. நானும் தட்டு வைத்தேன். தினம் ஒன்றரைக் கிலோ சேவு காலியாகிறது, கிலோவுக்கு 200 ரூபாய் அடக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். கல்லாவில் மனைவி வளவளவென்று பேசிக்கொண்டு நிற்பதால், அவளைப் பின்கட்டில் பாக்கெட் போட வைத்துவிட்டுச் சம்பளத்துக்கு ஒரு பையனை நிறுத்தினேன். வியாபாரம் இன்னும் இறங்குகிறது. சாம்பிளை நிறுத்தலாமா, கூட்டலாமா?

பதில்: தட்டைப் பற்றி இத்தனை கணக்குச் சொன்னவர், மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் போகிற போக்கில். நான் அந்த வரியை விடப்போவதில்லை.

அவர் வளவளவென்று என்ன பேசினார் என்று என்றைக்காவது காது கொடுத்தீர்களா? "மகள் பிரசவத்துக்கு வந்துட்டாளாக்கா? அப்ப காரம் கம்மியா இருக்கிறத எடுத்துக்கோங்க." "மெட்ராஸ் பஸ்ஸா? இருங்க, ரெண்டு கவர் போட்டுக் கட்டித் தாரேன்." ஊர்ப்பக்கக் கடைகளில் நடக்கிற பேச்சு இதுதான். யார் வீட்டுக்கு எத்தனை காரம், யாருக்குப் பூண்டு ஆகாது, எந்த வீட்டில் விசேஷம் வருகிறது, இதெல்லாம் உங்கள் பேரேட்டில் கிடையாது. அவர் தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலையைக் கொண்டுபோய்ப் பாக்கெட்டுக்கு வாய் ஒட்ட வைத்திருக்கிறீர்கள். அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. நாளைக் காலையில் கல்லாச் சாவி அவர் கைக்குப் போகட்டும். பையன் பாக்கெட் போடட்டும்.

இனி சாம்பிள். ஒன்றரைக் கிலோ என்றால், ஆளுக்கு 10 கிராம் வீதம் 150 பேருக்குப் போக வேண்டும். உங்கள் கடைக்குத் தினம் 150 பேர் வருகிறார்களா? ஒரு நாளைக்கு 300, மாதம் 9,000 ரூபாயைத் தெருவில் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதைவிடக் கேடு, திறந்த தட்டில் சேவு சீக்கிரம் நமத்துப்போகும். மழைக்காலமென்றால் கேட்கவே வேண்டாம். வெயிலும் காற்றும் பட்ட எண்ணெய்ப் பலகாரம் காறல் அடிக்கும். நேற்றைய மிச்சத்தின் மேலேயே இன்றையதைக் கொட்டினால் மொத்தமும் கெடும். மொறுமொறுப்பு இல்லாத ஒரு வாய்ச் சேவைத் தின்றவன் உள்ளே வர மாட்டான். வாங்காதே என்று காசு செலவழித்துச் சொல்கிறீர்கள்.

தட்டை எடுத்துவிடுங்கள். மூடி இறுகிய ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, கல்லாவுக்குப் பக்கத்தில். அன்று போட்ட சேவில் 250 கிராம், தீர்ந்தால்தான் அடுத்த 250. கரண்டியால் எடுத்துக் குட்டித் தொன்னையில், முகம் பார்த்துக் கொடுக்க வேண்டும். செய்தித்தாள் துண்டில் கொடுக்காதீர்கள். அச்சு மை எண்ணெயில் ஊறும், சட்டப்படியும் தப்பு. புதிதாக வந்தவருக்கு எடை போடுவதற்கு முன்னால் கொடுங்கள். பழகியவருக்கு அவர் கேட்காத ஒன்றைக் கொடுங்கள். காரச்சேவு கேட்டவருக்கு மிளகுச்சேவு, மிக்சர் கேட்டவருக்குச் சீரணியில் ஒரு துண்டு. தினமும் வாங்குகிற சரக்கையே சாம்பிள் கொடுத்து என்ன லாபம்?

பிள்ளைகளை விரட்டாதீர்கள். அள்ளுவது தட்டு திறந்திருப்பதால்தான். கையில் ஒரு சிட்டிகை வைத்து, அம்மா பேரைக் கேட்டு அனுப்புங்கள். நாளைக்கு அரைக் கிலோ வாங்கி வரச் சொன்னால் எந்தக் கடை வாசலில் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்யும்.

கூட்ட நேரத்தில் எடை போட முன்னால் வரும்போது பையனுக்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள், தராசில் கை எப்படிப் போக வேண்டுமென்று. கால் கிலோவுக்கு முதலில் 220 கிராம் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 250-ஐத் தாண்டி இரண்டு சேவு விழ வேண்டும். 300 அள்ளிப் போட்டுவிட்டுப் பிடிபிடியாகத் திரும்ப எடுத்தால், எடை சரியாகவே இருந்தாலும் வாங்குகிறவருக்குப் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருக்கும். மிட்டாய் டப்பாவைக் காலியாகத் தராசில் வைத்து, பூஜ்யம் காட்டிவிட்டு நிரப்புங்கள். அட்டைக்கும் சேர்த்துக் காசு வாங்குகிற கடையில் கொசுறு கொடுத்தாலும் ஒட்டாது.

கடைசியாக ஒன்று. பையனுக்குக் கொடுக்கிற சம்பளத்தை, அதே முதல் தேதி, உங்கள் மனைவியின் வங்கிக் கணக்கிலும் போடுங்கள். வீட்டு ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்பீர்கள். அந்தப் பையனுக்கு எதற்குக் கொடுக்கிறீர்களோ அதற்குத்தான்.