ஆரஞ்சு வண்டுகள் எல்லாம் ஒரே வண்டா?

கேள்வி: சிட்னியின் வடக்குப் புறநகரில் வசிக்கிறோம். வேலியைத் தாண்டினால் காடு. டீ ட்ரீ புதர்கள் பூத்ததும் கருந்தலையும் செங்கல் நிற முதுகுமாக வண்டுகள் வந்து மொய்க்கின்றன. எட்டு வயது மகன் அவற்றைக் கையில் பிடித்து விளையாடுகிறான். விஷம் உண்டா? வீட்டு மரச்சாமான்களைத் துளைக்குமா? மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்து வேண்டாம். தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்த விருந்தாளிகள் அவை. உங்கள் மேசை நாற்காலியில் அவற்றுக்கு வேலை இல்லை. மகனிடம் மட்டும், பார்க்கலாம், ஆனால் பிடித்து நசுக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். காரணம், ஒரே வண்டு என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் நான்கைந்து குடும்பங்கள் கலந்த கூட்டம். அதில் யார் சாது, யார் பொல்லாதவர் என்பதை நிறம் சொல்லாது.

கூட்டத்தில் ஒருவர்தான் அசல், மற்றவர்கள் அவரைப் பார்த்து வேஷம் போடுபவர்கள். இந்த வேஷத்துக்கு மூலம் வலைச்சிறகு வண்டு; அறிவியல் பெயர் போரோஸ்டோமா ரிப்பிடியம். அதன் மேல்சிறகில் நீளவாக்கில் வரப்புகள் ஓடும். அவற்றுக்கிடையே குறுக்குக் கோடுகள் பின்னி வலைபோலத் தெரியும். உடல் மெத்தென்றிருக்கும். நெருங்கினாலும் பதறாது, ஆடி அசைந்துதான் பறக்கும். அந்தத் தைரியத்துக்குக் காரணம் அதன் ரசாயனம். மூர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் இதன் எச்சரிக்கை வாடையையும் கசப்புப் பொருள்களையும் பிரித்துக் காட்டினார்கள். வாடைக்குக் காரணம் மெத்தாக்ஸிபைரசின். பச்சைப் பட்டாணிக்கும் குடைமிளகாய்க்கும் அந்தப் பச்சை வாசம் தருவதும் இதே வகைச் சேர்மம்தான். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப்போகும்.

அந்த ஞாபகத்தை நம்பித்தான் மற்றவர்கள் பிழைக்கிறார்கள். நீள்கொம்பு வண்டான எரோஸ்கீமா பவரி அப்படியே அச்செடுத்தது போலிருக்கும். காஸ்டியாரினா இனத்துப் பொன்வண்டுகள் சிலவும் இதே சாயத்தில் வரும். இவை நம் ஊரில் சிறுவர்கள் தீப்பெட்டிக்குள் வளர்த்த பொன்வண்டின் குடும்பம். வாட்டில் என்ற ஆஸ்திரேலிய வேல மரத்தடியில் ரைனோட்டியா ஹீமோப்டெரா என்ற கூன்வண்டையும் பார்க்கலாம். ஓர் அந்துப்பூச்சிகூட இந்தக் கோஷ்டியில் உண்டு.

அமெரிக்காவின் அரிசோனாவில் எலிட்ரோலெப்டஸ் என்ற நீள்கொம்பு வண்டு இன்னும் ஒரு படி மேல். தான் காப்பியடிக்கும் வலைச்சிறகு வண்டையே பிடித்துத் தின்னும். அதன் விஷத்தையும் சேர்த்துவைத்துக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 2008-இல் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் சோதித்தபோது அப்படி எதையும் பெரிதாகச் சேமிக்கவில்லை என்று தெரிந்தது. வெறும் சாப்பாடுதான்!

உங்கள் புதரில் ஆளை அடையாளம் காண, கைப்பேசியில் முகத்தை நெருக்கமாகப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். உணர்கொம்பின் வேரைப் பாருங்கள். கண்ணில் ஒரு வெட்டு விழுந்து, அதற்குள்ளிருந்து கொம்பு முளைத்தால் நீள்கொம்பு வண்டு. தலை முன்னால் நீண்டிருக்க, கண்களுக்கு முன்பாக இரு கொம்புகளும் நெருக்கமாகப் புறப்பட்டு, தட்டையாகப் பற்களோடு போனால் அசல் வலைச்சிறகு வண்டு. சிறகு கெட்டியாகவும், வயிற்றுப்பக்கம் உலோகப் பளபளப்பாகவும், கொம்பு குட்டையாகவும் இருந்தால் பொன்வண்டு. கூன்வண்டை அதன் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் உண்மையில் கவலைப்படுவது சூடோலைக்கஸ் என்ற இன்னொரு போலியைப் பற்றித்தான். முன்னங்கால், நடுக்கால் பாதங்களில் ஐந்து கணுக்களும் பின்னங்கால் பாதத்தில் நான்கும் இருப்பது இதன் அடையாளம். இது சேர்ந்த குடும்பத்தில் பல வண்டுகளின் உடலில் கேந்தரிடின் என்ற நச்சு இருக்கிறது. நசுங்கினால் அது தோலில் பட்டுக் கொப்புளம் கிளம்பும். கண்ணில் பட்டால் வேதனை அதிகம். எட்டு வயதுப் பையன் பின்னங்கால் கணுவை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான் என்பதால்தான் எல்லாவற்றையும் தொடாமல் பார்க்கச் சொல்கிறேன்.

தானாகக் கையில் வந்து உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைக் கசக்க விடாதீர்கள். கொப்புளம் வந்தால் குத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.