நாலரை சென்டிமீட்டர் எங்கே போனது?

மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 47. 1999-இல் காவலர் தேர்வுக்குச் சென்றபோது என் உயரத்தை 171 சென்டிமீட்டர் என்று எழுதினார்கள். 170 இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் அந்த எண்ணை நான் மறக்கவே இல்லை. ஓட்டத்தில் தேறவில்லை, இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 14 ஆண்டுகளாகக் குடல் நோய் இருக்கிறது. முதலில் வயிற்றுக் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு க்ரோன் நோய் (குடலில் நீடித்து இருக்கும் அழற்சி) என்று முடிவாயிற்று. 2016-இல் அடைப்பு ஏற்பட்டுச் சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். சில முறை நானாகவே கடையில் வாங்கியும் சாப்பிட்டேன். போன மாதம் மருத்துவமனையில் உயரம் பார்த்தபோது 166.5 என்று வந்தது. இரண்டாம் முறை அளந்தும் அதேதான். 'வயதானால் குறையத்தான் செய்யும்' என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் என் தையல்காரர், 'பேன்ட் பழைய அளவுதான். சட்டையைத்தான் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைக்க வேண்டியிருக்கிறது' என்கிறார். இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் லேசான வலி உண்டு. விழவில்லை, அடிபடவும் இல்லை. 47 வயதில் இப்படிக் குறையுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் தையல்காரர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். கால் எலும்புகள் குட்டையாவதில்லை, அதனால் பேன்ட் நீளம் மாறவில்லை. சட்டை நீண்டு தொங்குகிறது என்றால் குறைந்திருப்பது உடற்பகுதி, அதாவது முதுகுத்தண்டு.

வயது ஏற ஏற உயரம் குறைவது உண்மைதான். முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுகள் நீர்ச்சத்தை இழந்து சப்பையாவதால், 40 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம். அந்தக் கணக்கில் உங்களுக்கு ஒரு சென்டிமீட்டர்கூடப் போயிருக்கக் கூடாது. அளவில் பிழை இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: காலையில் அளப்பதற்கும் மாலையில் அளப்பதற்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும், சுவரில் ஒட்டிய அளவுகோல் கோணலாக இருக்கும், தேர்வுக் களத்தில் நீங்களும் கழுத்தை நீட்டித்தான் நின்றிருப்பீர்கள். இவற்றுக்கெல்லாம் தாராளமாக ஒன்றரை சென்டிமீட்டரைக் கழித்தாலும் மூன்று மிஞ்சுகிறது. இளமைக்கால உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டரோ, மருத்துவக் கண்காணிப்பில் இருக்கும்போது 2 சென்டிமீட்டரோ குறைந்திருந்தால் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வரையறை. அளவில் நாலரை குறைந்திருக்கும் உங்களை 'வயது' என்று சொல்லி அனுப்பியது ஆகவே சரியல்ல.

முதலில் சந்தேகிக்க வேண்டியது முள்ளெலும்பு நசுங்கல். எலும்பு முறிவு என்றால் கட்டும் அலறலும் நினைவுக்கு வரும். ஆனால் முள்ளெலும்பு நசுங்கல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. அரிசி மூட்டையை நகர்த்தும்போதோ, பலமாக இருமும்போதோ, குனிந்து செருப்பை எடுக்கும்போதோ, உள்ளே வலுவிழந்திருந்த எலும்பின் முன்பக்கம் அமுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். இரண்டு நாள் 'பிடிப்பு' என்று தைலம் தேய்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஒரு முள்ளெலும்பு இப்படிக் கால்வாசி அமுங்கினால் அரை சென்டிமீட்டர் அளவில் குறையும்; பல எலும்புகள் அமுங்கி முதுகும் சற்று வளைந்தால் உங்கள் கணக்கு வந்துவிடுகிறது. மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில்தான் இது மிகுதியாக நிகழும். நீங்கள் வலி என்று குறிப்பிடும் இடமும் ஏறத்தாழ அதுவே.

வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். குதிகாலும் முதுகும் சுவரில் பட நேராக நின்று, முகவாயைத் தூக்காமல் பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். தொடாவிட்டால் மேல்முதுகு வளைந்திருக்கிறது. பிறகு கையைச் சற்று உயர்த்திக்கொண்டு, விலாவின் அடிவிளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் உங்கள் மனைவியை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் நுழைய இடமில்லை என்றால் இடுப்பு முதுகு குட்டையாகியிருக்கக்கூடும். இவை சந்தேகத்தை வலுப்படுத்தும் சோதனைகளே. முடிவு சொல்ல வேண்டியது எக்ஸ்-ரே.

குடல் நோய்க்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பலரும் ஸ்டீராய்டைக் கைகாட்டுவார்கள். அது பாதிக் கதைதான். குடல் புண்ணாகிக் கொதித்துக்கொண்டிருக்கும் காலத்தில் அங்கே உருவாகும் அழற்சி வேதிப்பொருள்கள் இரத்தத்தோடு எலும்புக்கும் போய், எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. நம் எலும்பு நாள்தோறும் கொஞ்சம் இடிக்கப்பட்டுக் கொஞ்சம் கட்டப்படுவது. அழற்சி இருக்கும்வரை இடிப்பவர்கள் வேலைக்கு வருகிறார்கள், கொத்தனார் வருவதில்லை. ஸ்டீராய்டே தொடாத நோயாளிக்கும் இந்த இழப்பு உண்டு. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வில், மற்றவர்களைவிட அவர்களுக்கு எலும்பு முறிவு 40 விழுக்காடு அதிகம் என்று தெரியவந்தது.

ஸ்டீராய்டின் பங்கு அதற்கு மேல் சேர்வது. தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே முறிவு ஆபத்து ஏறிவிடுகிறது. நிறுத்தினால் மெல்ல இறங்குகிறது. 'கொஞ்ச நாள்தானே' என்று நீங்களாக வாங்கிச் சாப்பிட்ட ஒவ்வொரு சுற்றும் அந்தக் கணக்கில் ஏறியிருக்கும். அதற்காக இப்போது எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு தூங்கிக்கொண்டிருக்கும்போது மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும்.

உங்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சுவது, வெட்டி எடுத்த அந்தக் கடைசிச் சிறுகுடல்தான். அது போனால் கொழுப்பு சரியாகச் செரிக்காது. கொழுப்பில் கரைந்து வர வேண்டிய வைட்டமின் டி மலத்தோடு போய்விடும். வைட்டமின் டி இல்லாமல் தின்ற கால்சியமும் போதுமான அளவு உடலில் சேராது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைக்கக்கூடிய மருந்து. வயிற்றுக் காசநோயும் க்ரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது நம் நாட்டில் வழக்கம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது. மார்பு முதுகையும் இடுப்பு முதுகையும் பக்கவாட்டில் எக்ஸ்-ரே எடுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது: நசுங்கிய எலும்பு குறுகிய இடத்தில் அடர்ந்து கிடப்பதால் ஸ்கேனில் அடர்த்தி உள்ளதைவிட நன்றாகத் தெரியும், 'எலும்பு பரவாயில்லை' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கிரியேட்டினின், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 47 வயது ஆணுக்கு எலும்பு நசுங்கியிருந்தால், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இல்லை என்பதற்கான புரதப் பரிசோதனையையும் நான் விடமாட்டேன். முதுகுத்தண்டின் காசநோயையும், குடல் அழற்சியோடு சேர்ந்து வரும் முதுகெலும்பு மூட்டழற்சியையும் படமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பின்னதில் காலையில் எழும்போது முதுகு விறைப்பாக இருந்து நடமாட நடமாட இளகும்.

தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா என்றும் கவனியுங்கள். முடியாவிட்டால் இது வெறும் எலும்புப்புரையாக (எலும்பின் அடர்த்தி குறைந்து வலுவிழப்பது) இல்லாமல், வைட்டமின் டி பற்றாக்குறையால் எலும்பு மென்மையாகும் நோயாக இருக்கலாம். அதற்கு முதலில் வைட்டமின் டி-யை நிரப்ப வேண்டும். (நம் ஊரில் மூட்டு வலி, முதுகு வலி, எலும்புப்புரை மூன்றையும் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே பெயரில் அழைத்து ஒரே கால்சியம் மாத்திரையை எழுதிவிடுவதால் நேரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.)

சிகிச்சையில் முதலிடம் குடலுக்கே. அசதியோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்றவற்றில் உங்களுக்கு ஒத்துவருவதைக் கொண்டு, ஸ்டீராய்டு இல்லாமல் நோயை அடக்கி வைப்பதுதான் எலும்புக்குச் செய்யும் பெரிய உதவி. கால்சியம் நாளுக்கு 1000 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்திருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் குடலில் குறுகல் இருப்பவர்கள் தவிடோடு களியாகச் சாப்பிடாமல், ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பாலைக் காய்ச்சிக் குடிப்பது பாதுகாப்பானது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். பிரண்டைத் துவையலைப் பற்றிக் கேட்பீர்கள். சோற்றோடு சாப்பிடுங்கள், மருந்துக்குப் பதிலாகக் கருதாதீர்கள்.

நசுங்கல் உறுதியானால் எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்து வேண்டியிருக்கும். வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையில், நல்ல குடலிலேயே நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சப்படுவதில்லை. வெட்டுப்பட்ட குடலை நம்பி அதைக் கொடுப்பதைவிட, ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. வைட்டமின் டி நிரம்பிய பிறகு, சிறுநீரகத்தையும் பற்களையும் பார்த்துவிட்டுத்தான் அதை ஏற்ற வேண்டும்.

கடையில் மூட்டை தூக்குவதை இன்றே நிறுத்துங்கள். குனிந்து செய்யும் பச்சிமோத்தாசனம், ஹலாசனம் போன்றவையும் வேண்டாம். எலும்புப்புரை உள்ள பெண்களிடம் 1984-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முன்குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிய நசுங்கல் ஏற்பட்டது; முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 விழுக்காடுதான். நடங்கள், நிமிர்ந்து நில்லுங்கள். போன உயரம் திரும்பாது. அடுத்த எலும்பைக் காப்பாற்றுவதற்கே இவ்வளவும்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, 14 வயதிலிருந்து க்ரோன் நோய். உயரம் 148 சென்டிமீட்டர். டெக்ஸா ஸ்கேனில் டி மதிப்பு (T-score) -1.6 என்று வந்ததால் வாரம் ஒரு மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்கலாமா?
— ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அவசரம் வேண்டாம். இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் டி மதிப்பை வைத்து முடிவெடுக்கும் முறை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் உரியது. உங்கள் மகளுக்கு, அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பைப் பார்க்க வேண்டும். அறிக்கையில் அதுவும் அச்சாகியிருக்கும். அது -2-க்கு மேலே இருந்தால் வயதுக்கேற்ற வரம்புக்குள் இருக்கிறது என்று பொருள். தவிர, அந்தக் கருவி எலும்பின் பருமனை அளப்பதில்லை, நிழலின் பரப்பை அளக்கிறது. வளரும் வயதில் நோய் வந்ததால் சிறுகூடாக இருக்கும் பெண்ணின் எலும்பு, உள்ளதைவிட மெலிந்ததாக அதில் தெரியும். அலெண்ட்ரோனேட் போன்ற அந்த வார மாத்திரை எலும்பில் பல ஆண்டுகள் தங்குவது. இனிப் பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்கு, முறிவு ஏதும் இல்லாதபோது, எண்ணை மட்டும் பார்த்துத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். குடல் அடங்கியிருக்கிறதா, எடை ஏறுகிறதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்ற மூன்றையும் கவனியுங்கள். இந்த வயதில் எலும்பு இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய்) உள்ள என் நாத்தனாருக்கு வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் எழுதிக் கொடுத்தார்கள். 40 நாளாக நாள்தோறும் பாலில் கலந்து குடிக்கிறார். இப்போது குமட்டலும் மலச்சிக்கலும் இருக்கின்றன; அடிக்கடி சிறுநீர் போகிறது.
— வாசகி, சேலம்

பதில்: பாக்கெட்டையும், கால்சியம் மாத்திரை சாப்பிட்டுவந்தால் அதையும் இன்றே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தத்தில் கால்சியத்தையும் கிரியேட்டினினையும் பாருங்கள். அந்த பாக்கெட் வாரம் ஒன்று என்ற கணக்கில் தரப்படுவது. அவர் 24 லட்சம் யூனிட் குடித்திருக்கிறார். நீங்கள் சொல்லும் மூன்று குறிகளும் இரத்தத்தில் கால்சியம் ஏறியிருப்பதைக் காட்டக்கூடியவை. கவனிக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். கூடிய வைட்டமின் டி உடல் கொழுப்பில் தங்கிச் சிறுகச் சிறுக வெளிவருவதால், ஒரு முறை கால்சியம் இறங்கிவிட்டது என்று விட்டுவிடாமல், அடுத்த சில வாரங்களிலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பரிசோதியுங்கள்.