லாக்டோஸ் நீக்கிய பாலும் பால்தான்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். ஏழு வயது மகனுக்குப் பால் ஒவ்வாமை. ஒரு வயதில் தயிர்சாதம் ஊட்டியபோது உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தான். புதிய சட்டப்படி பெற்றோர் கடிதம் கொடுத்தாலே பள்ளியில் மாற்றுப் பால் தருவார்களாம். ‘லாக்டோஸ் இல்லாத பால் போதும்’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே திரும்ப வாங்கிவிடுங்கள்.

லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும், பேதியாகும், உயிருக்கு ஆபத்தில்லை. நம்மவர்களில் பெரியவர்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. அதனால் அதையும் பால் ஒவ்வாமையையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். உங்கள் மகனுக்கு ஆகாதது கேசீன் முதலிய பால் புரதங்கள். லாக்டோஸ் நீக்கிய பாலில் அவை அப்படியே இருக்கின்றன. ஆட்டுப் பாலும் உதவாது. அதன் புரதமும் ஏறக்குறைய அதே அமைப்புதான்.

நீங்கள் சொல்லும் சட்டம் அமெரிக்கா முழுவதற்குமானது, 2026 ஜனவரியில் கையெழுத்தானது. 2012 முதல் கொழுப்பில்லாத பாலும் 1 சதவீதக் கொழுப்புப் பாலும் மட்டுமே கிடைத்த பள்ளி உணவுக்கூடங்களுக்கு முழுக்கொழுப்புப் பால் திரும்ப வரலாம். செய்தித்தாள்கள் அதைத்தான் பெரிதாக எழுதின. எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு: மாற்றுப் பாலுக்கு மருத்துவரின் சான்று இல்லாமல் பெற்றோரின் கடிதமே போதும் என்பதும், உணவுக்கூடப் பணியாளர் பயிற்சியில் ஒவ்வாமையும் சேர்ந்திருப்பதும். கடிதம் எளிதாகிவிட்டதால் அதில் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் கூடிவிட்டது. ‘பால் புரத ஒவ்வாமை, பால், சீஸ், வெண்ணெய், தயிர், நெய் எதுவும் கூடாது’ என்று எழுதுங்கள். மாற்றாக, சத்துச் சேர்த்த சோயா பாலைக் கேளுங்கள், சோயா அவனுக்கு ஒத்துக்கொண்டால். பாதாம் பாலில் ஒரு கோப்பைக்குச் சுமார் 1 கிராம் புரதம்தான். பசும்பாலில் 8 கிராம்.

சட்டம் கேட்காவிட்டாலும் ஒவ்வாமை நிபுணரிடம் ஓர் அவசரகாலத் திட்டத்தை எழுதி வாங்கிக் கொடுங்கள். ஏனென்றால் ஆபத்து பால் பெட்டியில் மட்டும் இல்லை. பீட்சா எடுத்த கரண்டியே அடுத்த தட்டில் காய்கறியையும் அள்ளும். பக்கத்துப் பையன் சிந்திய சாக்லேட் பால் மேசையில் காய்ந்திருக்கும். உங்கள் மகன் அங்கே கை ஊன்றி, அதே கையால் கண்ணைக் கசக்குவான். கிருமிநாசினி ஜெல் தடவினால் பால் புரதம் போகாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்தாகிய எபிநெஃப்ரின் ஊசி பள்ளியில் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தடிப்போடு சேர்ந்த வாந்தி, இவற்றில் எது வந்தாலும் முதலில் தொடையின் வெளிப்புறத்தில் ஊசி, அடுத்து 911 அவசர எண்ணுக்கு அழைப்பு. ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இதை நர்ஸிடம் மட்டுமல்லாமல் வகுப்பாசிரியரிடமும் நேரில் சொல்லுங்கள்.

பல குழந்தைகளுக்கு வளர வளர இந்த ஒவ்வாமை விலகிவிடுகிறது. உங்கள் மகனுக்கும் விலகியிருக்கிறதா என்று நிபுணர் பரிசோதித்துச் சொல்லட்டும். அதற்குமுன் வீட்டில் ஒரு ஸ்பூன் தயிர்கூடக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.