மண்வாரிக் காம்பு: கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எங்கள் புளோக்கை ஒட்டிய சமூகத் தோட்டத்தில் பதினைந்து பேர் வேலை செய்கிறோம். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சென்ற ஆண்டு ஆறு மண்வாரிகள் வாங்கினோம். அவற்றில் மூன்று, அலகுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஒரே இடத்தில் முறிந்துவிட்டன. மீதமுள்ளவற்றைப் பிடித்து அரை மணி நேரம் வேலை செய்தாலே கையில் கொப்புளம் போடுகிறது. அடுத்த முறை மரக் காம்பு வாங்குவதா, கண்ணாடியிழைக் காம்பா, இரும்புக் குழாயா?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: எந்தப் பொருள் என்று முடிவு செய்வதற்கு முன், மூன்றும் ஏன் ஒரே இடத்தில் முறிந்தன என்பதைப் பார்த்துவிடுவோம். மண்வாரியை மண்ணில் இறக்கிவிட்டு, மேல்முனையைப் பிடித்துக் கீழே அழுத்தி நெம்பும்போது, காம்பு அலகின் இரும்புக் குழலுக்குள் நுழையும் விளிம்பில்தான் வளைவிசை மிக அதிகமாக இருக்கும். குழலுக்குள் இறங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்குவதும் அதே இடத்தில்தான். என்னுடைய பழைய மண்வாரி ஒன்று முறிந்தபோது, ஆணியைத் தட்டி எடுத்து, குழலுக்குள் சிக்கியிருந்த துண்டை இழுத்துப் பார்த்தேன். வெளியில் மஞ்சளாகக் கெட்டியாக இருந்த மரம், உள்ளே இரண்டு அங்குலத்துக்குக் கறுத்துப்போய், நகத்தால் கீறியதும் தேநீரில் நனைத்த பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது. அதற்கு மேலே இருந்த வார்னிஷ் மட்டும் அன்று வாங்கியதுபோலப் பளபளத்தது.

ஆகவே கடையில் மண்வாரியைக் கையில் எடுத்ததும் அதைத் திருப்பி, அலகும் காம்பும் சேரும் கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மலிவான மண்வாரிகளில் தகட்டை மடித்துக் குழலாக்கியிருப்பார்கள். பின்னால் ஒரு பள்ளம் திறந்தே இருக்கும், நம் ஊர்க் களிமண் அதில் அப்பிக்கொண்டு ஈரத்தை விடாது. மூடிய குழலோ, அதைவிட நன்றாக, அலகின் இரும்பே இரண்டு பட்டைகளாகக் காம்பின் மீது மேலேறிச் சென்று பற்றியிருக்கும் அமைப்போ இருந்தால், விசை ஒரே கோட்டில் விழாமல் பரவும். ஒற்றை ஆணிக்கு இரண்டு ஆணி மேல். அவையும் குழலின் வாயை ஒட்டி இல்லாமல் சற்றுக் கீழே இருக்க வேண்டும், ஏனெனில் ஆணித் துளையும் மரத்தைக் குறைக்கத்தான் செய்கிறது.

அடுத்தது மரத்தின் நாரோட்டம். காம்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நோக்கினால் அது நேராக இருக்கிறதா என்பது தெரியும்; ஆனால் நேராகக் கடைந்த காம்புக்குள் நார் சாய்வாக ஓடலாம். மரத்தின் ரேகைகள் காம்பின் நீளத்தோடு ஒட்டிச் செல்கின்றனவா, அல்லது பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறிவிடுகின்றனவா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். இருபது அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலம் சாய்ந்தால் மரம் தன் வளைவு வலிமையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத்தான் இழக்கிறது. ஐந்து அங்குலத்துக்கு ஒரு அங்குலம் சாய்ந்தால் பாதிக்கு அருகில் போய்விடுகிறது. கணுவுள்ள காம்பும் வேண்டாம். காம்பு முழுவதும் அடர்ந்த வண்ணம் பூசியிருந்தால் நான் அதைத் திரும்ப வைத்துவிடுவேன், ஏனெனில் நாரைப் பார்க்க முடியாத மரத்தை எதை நம்பி வாங்குவது?

வட அமெரிக்காவிலிருந்து வரும் காம்புகளில் ஆஷ், ஹிக்கரி என்ற இரண்டு மரங்களின் பெயர்களைக் காணலாம். ஹிக்கரி அதிர்ச்சியைத் தாங்கும் என்பதால் சுத்தியலுக்கும் கோடரிக்கும் போகிறது; ஆஷ் அதைவிட இலேசானது, மண்வாரிக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் மண்வெட்டிக்குக் கருவேலங்காம்பு போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கனமும் உறுதியும் நினைவிருக்கும். இங்குள்ள வன்பொருள் கடைகளில் பெரும்பாலும் மரத்தின் பெயரே எழுதியிருக்காது. அப்போது நாரோட்டத்தை மட்டும் நம்புங்கள்.

கண்ணாடியிழைக் காம்பு உளுத்துப்போகாது, ஈரத்தில் உப்பாது, எண்ணெய் கேட்காது. ஆனால் வெயில் அதற்கு ஆகாது. புற ஊதாக் கதிர்கள் மேலே உள்ள பிசினைத் தின்றுவிட, உள்ளிருக்கும் இழைகள் முள்ளாக நிமிர்ந்து கையில் குத்தும், அந்த முள்ளை எடுப்பதும் எளிதல்ல. பத்துப் பதினைந்து பேர் மாறி மாறி எடுத்து, யாரும் தனக்குரியதென்று பராமரிக்காத கருவிகளை, கூரையுள்ள பெட்டிக்குள் வைக்கிறீர்கள் என்றால், உங்களுக்குக் கண்ணாடியிழையையே நான் சொல்வேன். வேலியில் சாய்த்துவைக்கும் பழக்கம் உண்டென்றால் வேண்டாம். இரும்புக் குழாய் வெயிலில் சுடும், கல்லில் பட்டால் அதிர்ச்சி நேராக மணிக்கட்டுக்கு வரும், உள்ளே துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது.

இனிக் கொப்புளம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் 2004இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி, வலுவோடு பற்றும் கருவிகளின் பிடிக்கு 32 முதல் 50 மில்லிமீட்டர் வரையிலான குறுக்களவைச் சொல்கிறது. சிறிய கைகள் கொண்ட பெண்களுக்கு இந்த வரம்பின் கீழ்ப்பகுதியே பொருந்தும். கடைக்குத் தையல் அளவுநாடாவைக் கொண்டுபோய், காம்பைச் சுற்றி அளந்து பாருங்கள்: 10 முதல் 12 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் 32 முதல் 38 மில்லிமீட்டர் குறுக்களவு. அதற்கும் மெல்லியது, பிடிக்கச் சுகமாகத் தோன்றினாலும், வலுவில் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே மரத்தில் 32 மில்லிமீட்டர் காம்பைவிட 38 மில்லிமீட்டர் காம்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வளைவைத் தாங்கும், ஏனெனில் வலிமை குறுக்களவின் கனமாக (குறுக்களவு × குறுக்களவு × குறுக்களவு) ஏறுகிறது. கழுத்தில் தடித்து, கை படும் இடத்தில் மெலிந்து, மேல்முனையில் கை நழுவாதபடி மீண்டும் சற்றுப் பருத்திருக்கும் காம்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பளபளக்கும் வார்னிஷ் வியர்வைக் கையோடு ஒட்டி ஒட்டி விடுவதால் தோல் உராய்ந்து கொப்புளம் வருகிறது. உங்களிடம் மீதமுள்ள மூன்றையும் தூக்கிப் போட வேண்டாம். உப்புத்தாளால் வார்னிஷைத் தேய்த்தெடுத்துவிட்டு எண்ணெய் பூசுங்கள்.

நீளத்தை நின்றுதான் பார்க்க வேண்டும். நெடுங்காம்பு மண்வாரியை நிமிர்ந்து நின்று பக்கத்தில் ஊன்றினால் அதன் மேல்முனை உங்கள் தோளுக்கு அருகில் வர வேண்டும். ஆங்கில டி எழுத்தைப் போன்ற பிடியுள்ள குட்டைக் காம்பு குனிய வைக்கும், ஆனால் நெருக்கமான பாத்திகளுக்கு அதுதான் வசதி. அந்த டி பிடிக்குள் கையுறை அணிந்த கை நுழைகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பெரிய அலகை வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்ற எண்ணமும் பொருந்தாது. அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் மண்வாரி வேலையை ஆராய்ந்த ஃபிரெடெரிக் டெய்லர், ஒரு வாரலுக்கு 21 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9.5 கிலோ என்ற எடையில்தான் ஒரு நாளில் அதிக வேலை நடக்கிறது என்று கண்டார். அதுவும் திடகாத்திரமான ஆலைத் தொழிலாளர்களின் கணக்கு. உங்கள் தோட்டத்துக்குச் சிறிய அலகே போதும்.

கேள்வி: தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்டப் பாத்தி ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குக் கைக்கரண்டி மட்டும் போதுமா? விரல்களுக்குப் பள்ளம் வைத்த ரப்பர் பிடி நல்லதா?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுள்ள உயர்த்திய பாத்திக்குக் கைக்கரண்டியும் ஒரு சிறு முள்கரண்டியும் தாராளம். விரல் பள்ளம் வேண்டாம். யாரோ ஒருவருடைய விரலுக்கு வெட்டிய பள்ளம் உங்கள் விரல்களுக்கு இடையில் உறுத்தும். பிடி 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 13 சென்டிமீட்டர் இருந்தால் அதன் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தாது. மென்மையான ரப்பர் பூச்சுகளில் சில, நம் வெப்பத்திலும் ஈரத்திலும் இரண்டே ஆண்டுகளில் பிசுபிசுத்துவிடுகின்றன. கைக்கரண்டி எப்போதும் கழுத்தில்தான் வளையும், ஆகவே அலகும் கழுத்தும் ஒரே துண்டாக வார்த்தோ அடித்தோ செய்ததை வாங்குங்கள்.

கேள்வி: 38 வெள்ளிக்கு வாங்கிய மண்வாரி இரண்டு மாதத்தில் முறிந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறோம் என்கிறார் கடைக்காரர். விட்டுவிடுவதா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: விட வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகளின்படி, ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு, வாங்கிய அன்றே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கேட்கலாம். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். ரசீதில் அச்சிட்ட ஒரு வரி இந்த உரிமையைப் பறித்துவிடாது. ஆனால் வேரைக் கிளப்பவும் கல்லை நெம்பவும் அதைக் கடப்பாரையாகப் பயன்படுத்தியிருந்தால் அது உங்கள் பிழை. முறிந்த முகத்தைப் பாருங்கள்: நீண்ட சிராய்களாகப் பிய்ந்திருந்தால் நல்ல மரம் அளவுக்கு மீறிய சுமையில் முறிந்திருக்கலாம், சாய்வாக வழுவழுவென்று பிளந்திருந்தால் நாரோட்டம் தவறியது. முறிந்த துண்டுகளையும் ரசீதையும் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பேச்சு எடுபடாவிட்டால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றமும் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை. 38 வெள்ளிக்காக அதுவரை போக நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: அப்பா வைத்திருந்த சங்குல், அதுதான் மண்வெட்டி, தலை ஆடுகிறது. இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்தால் இறுகிவிடும் என்கிறார்கள். சரியா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: ஒரு வாரத்துக்கு இறுகும். ஊறிய மரம் இரும்புக் கண்ணுக்குள் உப்ப இடமில்லாமல் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பு இருந்ததைவிடச் சிறுத்துவிடும், தலை இன்னும் அதிகமாக ஆடும். குளிரூட்டிய அறையில் வைப்பவர்களுக்கு இது விரைவில் நேரும். காம்பின் தடித்த முனையை ஒரு மரக்கட்டையின் மீது செங்குத்தாக நாலைந்து முறை இடியுங்கள்; தலை தன் எடையாலேயே கீழிறங்கி இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகும் ஆடினால் உலர்ந்த கடின மரத்தில் ஆப்பு செதுக்கி அடிக்க வேண்டும், அல்லது புதிய காம்பு போட வேண்டும். பிறகு காம்புக்கு, முக்கியமாக அதன் வெட்டுமுனைகளுக்கு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெலிதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் அடைபட்டுத் தானே தீப்பிடிக்கும். துணியை விரித்துத் திறந்த வெளியில் தனியாகக் காயவைத்து, விறைப்பானதும் தண்ணீரில் நனைத்து, பையில் கட்டிப் போடுங்கள்.