வண்ணாரப்பேட்டையா, கூடுவாஞ்சேரியா?

கேள்வி: ஆசிரியர் சார், பழைய வண்ணாரப்பேட்டையில அப்பா கட்டின வீட்ல இருக்கோம். எனக்கு மறைமலை நகர்ல கம்பெனி வேலை, ஜெனரல் ஷிஃப்ட். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், உயிர் போகுது. மனைவி மண்ணடியில ஒரு கடையில அக்கவுண்ட்ஸ் பாக்குறாங்க. பையன் அடுத்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ். அம்மாவுக்கு சுகர், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில காட்டுறோம். கூட வேலை செய்றவங்க எல்லாம் "நார்த் மெட்ராஸ்ல எப்படிப்பா ஃபேமிலியோட இருக்க"ன்னு கேக்குறாங்க. கூடுவாஞ்சேரிக்கு வாடகைக்குப் போயிடலாமா? இல்ல, ஏசி ட்ரெயின் விட்டிருக்காங்களே, அதுல சமாளிக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் போகாதீங்க தம்பி.

இவ்ளோ எழுதியிருக்கீங்க, இதுக்கு உங்க மனைவி என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி இல்ல. சரின்னு அவங்க கணக்கை நானே போட்டுப் பாத்தேன். இப்ப அவங்க மண்ணடி போய்ட்டு வர மொத்தமா முக்கால் மணி நேரம்னு வைங்க, அதுவும் சாதா பஸ்ல ஏறினா 2021லருந்து பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. கூடுவாஞ்சேரிக்குப் போனா உங்களுக்கு பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், அடுத்து மறைமலை நகர், இறங்கிடலாம், நாலு மணி நேரம் ஒரு மணி நேரமா ஆயிடும், சந்தோஷம். ஆனா அவங்க வீட்லருந்து ஸ்டேஷன், அங்கருந்து ட்ரெயின்ல பீச் ஸ்டேஷன், பீச்லருந்து மண்ணடின்னு போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல, சாயங்காலம் அதே மாதிரி திரும்ப. ரெண்டு பேரும் சேர்ந்து வழியில கழிக்கிற நேரம் முன்னாடி நாலே முக்கால் மணி, மாறின பிறகு நாலே கால். குடும்பத்துக்கு மிச்சம் அரை மணி நேரம். மீதி எல்லாம் உங்க தலையிலருந்து இறக்கி அவங்க தலையில ஏத்துறதுதான். காலையில சமையலும் பையனைக் கிளப்பி விடுறதும் யார் பொறுப்புன்னு நீங்க எழுதல, நானும் கேக்கல.

அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிப்பட்டதுன்னும் பாக்கணும். நீங்க ஏறுறது பீச்ல, வண்டி அங்கதான் கிளம்புது, கொஞ்சம் முன்னாடி போனா ஜன்னலோரம் சீட்டு, தாம்பரம் வரைக்கும் நல்லா தூங்கிட்டு போலாம். அவங்க ஏறப் போறது செங்கல்பட்டுலருந்து வர்ற வண்டி, காலையில அது கூடுவாஞ்சேரி வரும்போதே லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல நிக்க இடம் தேடணும். உக்காந்து போற ரெண்டு மணி நேரமும் கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டே போற ஒன்றரை மணி நேரமும் ஒண்ணா?

ஸ்டான்லியை நான் காரணமா சொல்ல மாட்டேன், அந்தப் பக்கம் செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, சுகருக்கு அங்கயும் பாப்பாங்க. வாடகையும் அட்வான்ஸும் உங்க கைக்கு எவ்ளோ கடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப அந்த "நார்த் மெட்ராஸ்ல எப்படிப்பா இருக்க" விஷயத்துக்கு வரேன், ஏன்னா எனக்கென்னவோ தூரத்தை விட இதுதான் உங்களைக் குடையுதுன்னு தோணுது. கேக்குறவங்கள்ல எத்தனை பேர் பேசின் பிரிட்ஜைத் தாண்டி வந்திருப்பாங்க? நீங்க எண்ணூர்லருந்தோ மணலியிலருந்தோ எழுதியிருந்தா என் பதிலே வேற, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் மழையோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் வந்து படிஞ்சதையும் அதே மாசக் கடைசியில பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ராத்திரியில ஜனங்க எழுந்து ஓடினதையும் பாத்தவங்ககிட்ட போய் புள்ளையை வச்சுக்கிட்டு அங்கயே இருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பழைய வண்ணாரப்பேட்டை அது இல்ல. மழை வந்தா கொருக்குப்பேட்டையும் வியாசர்பாடியும் மெதக்குதுதான், மறுக்கல, ஆனா 2015ல அந்தத் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி முழுகிச்சுன்னு உங்க கம்பெனி ஆளுங்ககிட்டயே கேளுங்க. தண்ணிக்கு வடசென்னைப் பக்கம் 2010லயே மீஞ்சூர்ல கடல்நீர் ஆலை தொறந்தாங்க. நீங்க பாக்குற கூடுவாஞ்சேரி தெருவுல குழாய்த் தண்ணியா லாரித் தண்ணியா, பாதாள சாக்கடையா செப்டிக் டேங்கா? இதெல்லாம் ஹவுஸ் ஓனர் தானா சொல்ல மாட்டார், எதிர் வீட்டு அம்மாகிட்ட கேக்கணும்.

நாலு மணி நேரத்தைக் குறைக்க வழி இருக்கு. காலையில இப்ப மாதிரியே பீச்ல ஏறி உக்காந்து போங்க. சாயங்காலம் பீச் வரைக்கும் வராம கிண்டியில இறங்கி மெட்ரோ புடிங்க, அங்கருந்து மாறாம நேரா வண்ணாரப்பேட்டை, 2019லருந்தே இந்த லைன் ஓடுது, டிக்கெட் எவ்ளோ தூரம் போனாலும் 50 ரூபாய்க்கு மேல இல்ல. பீச்ல இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு அடிச்சுக்கிற நேரமாவது மிச்சம். வேலை முடிஞ்சு ஸ்டேஷனுக்கு வந்ததும் தாம்பரம் வண்டியா பீச் வண்டியான்னு பாக்காம வர்றதுல ஏறிடுங்க, தாம்பரத்துல மாறினா வண்டி நிறைய.

உங்களை ஷிஃப்டுல போட்டாங்கன்னா கதை வேற. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வண்ணாரப்பேட்டையிலருந்து போக முடியாது, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கவும் முடியாது. அப்பவோ இல்ல உங்க மனைவிக்கு தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் நல்ல வேலை கிடைச்சாலோ அன்னிக்கே வீடு பாருங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி போயே ஆகணும்னு தோணிச்சுன்னா அந்தப் பக்கம் சொந்தக்காரங்க வீட்ல ஒரு வாரம் குடும்பத்தோட தங்குங்க, அங்கருந்தே உங்க மனைவி மண்ணடிக்குப் போய்ட்டு வரட்டும், வாரக் கடைசியில வீடு மாறலாமான்னு அவங்களைக் கேளுங்க. பையனுக்கு ஸ்கூல் அட்மிஷன் போடுறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க.

ஏசி ட்ரெயின் கேட்டீங்க. 2025 ஏப்ரல்ல விட்டாங்க, பீச் செங்கல்பட்டு லைன்தான். ஆனா அதுல மினிமம் டிக்கெட்டே 35 ரூபாய், சாதா வண்டியில 5. ஒரு நாளைக்கு ஓடுறதும் கொஞ்ச வண்டிதான், அது உங்க ஷிஃப்ட் டைமுக்கு வரணுமே. சித்திரை வெயில்ல என்னிக்காவது ஒரு நாள் ஏறுங்க, தப்பில்ல, மாசம் பூரா போறதுக்கு செகண்ட் கிளாஸ் சீசன் போதும்.