ஹங்கேரிய வெள்ளிக்கிழமை

ஹங்கேரியனில் வெள்ளிக்கிழமைக்கு ‘பேன்டெக்’ என்று பெயர். அது ரஷ்யச் சொல்லைப் போல இருப்பதால் இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் என்கிறீர்கள். ஆனால் அது ஸ்லாவிய மொழிகளிலிருந்து (ரஷ்யன், ஸ்லோவாக் முதலியவை) வந்த கடன் சொல். அதை மட்டும் வைத்து, நீங்கள் நினைப்பதுபோல் ஹங்கேரியனும் ரஷ்யனும் ஒரே குடும்பம் என்று சொல்ல முடியாது.

ஸ்லாவியருக்கு வெள்ளி ஐந்தாம் நாள். ஐந்துக்கான சொல்தான் வேர். சுவாரசியம் நடுவிலுள்ள ‘ன்’-இல் இருக்கிறது. பழைய ஸ்லாவியத்தில் அங்கே மூக்கொலி உயிர், அதாவது மூக்கு வழியாகவும் ஒலிக்கும் உயிரொலி, இருந்தது. ஸ்லோவாக்கில் இன்று வெறும் ‘பியாடொக்’. மூக்கொலி மறையும் முன்பே ஹங்கேரியர் சொல்லை வாங்கிவிட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கான ‘கெத்’ அவர்களுடைய சொந்தச் சரக்கு, ‘இரண்டு’ என்பதிலிருந்து வந்தது.

மொழிகளின் உறவைச் சோதிக்க, எளிதில் கடன் வாங்கப்படாத உடல் சார்ந்த சொற்களை எடுங்கள். ரத்தம் ஹங்கேரியனில் ‘வேர்’, ஃபின்னிஷில் ‘வெரி’, ரஷ்யனில் ‘க்ரோஃப்’. யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும்.

தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். ஹங்கேரிய ‘வீஸ்’, ரஷ்ய ‘வதா’ ஒற்றுமைக்குக் காரணம் என்ன என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை.